கேட்டில் நின்று கேட்ட படம்

வாங்க தம்பி, இப்படிக் கிட்டத்துல வந்து உக்காருங்க. அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம். அந்தக் காது போயி பதினோரு வருசமாச்சு. நாப்பத்திரண்டு வருசம் டாக்கீஸ் கதவோரம் நின்னவன் நான். ஸ்பீக்கரைப் பாத்த காது அது, அதான் போச்சு. இந்தக் காது அப்படியில்ல. பக்கத்து வீட்டுல ஊசி விழுந்தா, நூல் கோத்த ஊசியா கோக்காத ஊசியான்னு சொல்லிப்போடும்.

மாடி வீட்டைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? புரோக்கர் சொன்னாரா? சொல்லுவார். அந்த மனுசனுக்கு எந்தச் சேதியும் மூணு மாசம் கழிச்சுத்தான் போய்ச் சேரும். என்ன உத்தியோகம்? பேங்கா. சொந்த ஊரு திண்டுக்கல்லா. சம்சாரம், ஒரு பையன். நல்லது. எதுக்கு மாடிப்படியவே பாக்கறீங்க? வீடு எங்கயும் ஓடிடாது. நான் எதுக்கு உடனே சாவியை எடுத்துட்டு எந்திரிக்கலைன்னு கதையைக் கேட்டா உங்களுக்கே தெரியும்.

எம்பேரு கிட்டுச்சாமி. இந்த உடுமலையில வெறும் கிட்டுச்சாமின்னா ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டுக் கிட்டுச்சாமின்னு சொல்லிப் பாருங்க, ஆட்டோக்காரன் வாசல்லயே கொண்டாந்து விடுவான். வேலவன் டாக்கீஸ் கேட்டுல டிக்கெட் கிழிக்கிறவன். படிச்சது மூணாவது. நாலாவதுக்குப் போற வழியில டாக்கீஸ் இருந்துச்சு, அதோட சரி.

ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க. நாப்பத்திரண்டு வருசத்துல நான் ஒரு படத்தைக்கூட முழுசாப் பாத்ததில்லை. எங்க பாக்கறது? ஆட்டம் ஓடறப்ப நான் கதவுத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிக்கணும். லேட்டா வர்றவனை உள்ள விடணும், பீடியோட வர்றவனை வெளிய தள்ளணும். அதனால நான் படம் பாக்கறதில்லை, படம் கேக்கறேன். படத்தைக்கூட இல்லை, ஜனத்தைக் கேக்கறேன். சிரிப்புல பல தினுசு இருக்குதுங்க. பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சானேன்னு சிரிக்கிற சிரிப்பு மேலாகப் போயிடும். நெசமாச் சிரிச்சா ஆளு குலுங்கும், ஆளு குலுங்கினா நாற்காலி முனகும். சிரிப்பும் முனகலும் சேந்து வந்தா படம் அம்பது நாள். சிரிப்பு இல்லாம நாற்காலி மட்டும் முனகினா, உக்கார முடியாம நெளியறாங்கன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை வந்த படப்பெட்டி திங்கக்கிழமை திரும்பிடும். அந்தக் காலத்துல கோயமுத்தூர் விநியோகஸ்தருங்க முதலாளிக்குப் போன் பண்ண மாட்டாங்க, எனக்குத்தான் பண்ணுவாங்க. கிட்டு, நாற்காலி என்ன சொல்லுதுன்னு கேப்பாங்க. நான் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

இப்ப அவங்கல்லாம் இல்லை. இப்ப மைக்கைப் புடிச்சுக்கிட்டு யூடியூப்காரங்க வர்றாங்க. வினோதான்னு ஒரு பொண்ணு, கோயமுத்தூரு, சொந்தமா சேனல் வச்சிருக்குது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி விட்டா மொத ஆளா எங்கிட்டத்தான் மைக்கை நீட்டும். பெரியவரே, படம் எப்படின்னு கேக்கும். காதுல விழுந்ததைச் சொல்லுவேன். பாத்துட்டுச் சொல்றேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பாத்தீங்களான்னு அவங்களும் கேட்டதில்லை.

சரி, வீட்டுக்கதைக்கு வர்றேன். எங்க டாக்கீஸ் கேண்டீன்ல ஒரு புள்ளை இருக்குது. அசாம் பக்கம், கோக்ராஜார்னு ஊரு. பேரு மைனாவ். நாங்க மைனான்னு கூப்பிடுவோம். வந்து ஆறு வருசமாச்சு, மொத நூல்மில்லு, அப்புறம் கேண்டீன். புருசன் போர்வெல் வண்டியில வேலை. இருபத்தாறு நாள் எந்தெந்த ஊருலயோ மண்ணைத் துளைச்சுட்டு நாலு நாள் வருவான். மைனா நம்ம பேச்சை நம்மளாட்டவே பேசும். கண்ணை மூடிட்டுக் கேட்டா தாராபுரத்துக்காரின்னு சத்தியம் பண்ணலாம். கண்ணைத் திறந்தாத்தான் வேற. மூக்கும் முழியும் வேறதானுங்களே.

அதுக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு. இங்க கேண்டீன் பின்னாடி தகரக் கொட்டாயில நாலு பொம்பளைங்களோட தங்கிட்டு எப்படிக் குழந்தையை வச்சுக்கும்? அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருச்சு. போனுலதான் தாயும் மகளும். ஜூன்ல இங்க பள்ளிக்கூடத்துல சேத்தலைன்னா இன்னொரு வருசம் போயிடும். சேத்தறதுக்கு வீட்டு விலாசம் வேணும். மார்ச் மாசம் எங்கிட்ட வந்து, ஐயா, உங்க மாடி வீடு காலியாத்தானுங்களே இருக்குதுன்னு கேட்டுச்சு.

மாட்டேன்னுட்டேன்.

தப்பா நினைக்காதீங்க. நான் பேதம் பாக்கிற ஆளே இல்லீங்க. அந்தப் புள்ளை கையால எத்தனை பஜ்ஜி தின்னிருப்பேன். ஆனா வீடுன்னு வர்றப்ப நாலையும் யோசிக்கணுமில்ல? படியில ஏறி இறங்கறதை வீதியில போறவன் பாப்பான். கிட்டுச்சாமி சீனாக்காரங்களுக்கு வீட்டை விட்டுட்டான்னு பேசுவான். நான் பாக்கறதில்லை, மத்தவங்க பாப்பாங்களே, அவங்களுக்காக நானும் பாக்க வேண்டியதாயிடுது. அதுக்குத்தான் போர்டே எழுதி வச்சிருந்தேன். டாக்கீஸ் பேனர் எழுதின ஓவியரை விட்டே எழுதினது, மஞ்சள்ல சிவப்பு. ‘வீடு வாடகைக்கு. தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்.’ எட்டு மாசமா அந்த போர்டு தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. தமிழ்க் குடும்பம் வரும், பாக்கும், தண்ணி வர்ற நேரத்தைக் கேட்டுட்டுப் போயிடும்.

மாட்டேன்னு சொன்னதுக்கு மைனா, சரிங்க ஐயான்னுட்டு என் தட்டுல இன்னொரு பஜ்ஜி வச்சுட்டுப் போயிருச்சு. அப்பவே நான் உசாராயிருக்கணும்.

ஏப்ரல்ல ஒரு படம் வந்துச்சு. ‘மூக்கும் முழியும்’. நீங்க பாத்திருப்பீங்க. பாக்கலையா? பேங்குல அவ்வளவு வேலையா? பஞ்சலிங்கம்னு ஒரு பெரிய மனுசன், ஒரு காலனிக்குத் தலைவர். வடகிழக்கு ஆளுங்க காலனிக்குள்ள வந்தாப் புடிக்காது. மூக்குக்கு ஒரு அளவு, கண்ணுக்கு ஒரு அளவுன்னு சட்டம் போட்டு, டெய்லர் டேப்பை எடுத்துட்டு வாசல்ல நிப்பார். இது முன்பாதி. பின்பாதியில அவரு மகனைப் பாக்க அசாமுல இருக்கிற குவாஹாத்திக்குப் போறார். அங்க யாரோ ஒரு தென்னாட்டு ஆளு திருடிட்டு ஓட, போலீஸ் இவரைப் புடிக்குது. மீசை, வழுக்கை, கறுப்பு, இவங்கல்லாம் ஒரே மாதிரித்தான இருப்பாங்கன்னு ஊரே சாட்சி சொல்லுது. இவருக்கு ஒருத்தரும் ரூம் தர மாட்டேங்கறாங்க. மூக்கை அளக்கறாங்க.

இதெல்லாம் அப்புறமா மத்தவங்க சொல்லித்தான் இப்பச் சொல்றேன். பின்பாதி அன்னைக்கு எனக்குத் தெரியாது. கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

அன்னைக்கு என் காதுல விழுந்தது இதுதான். முன்பாதியில பஞ்சலிங்கம் வாயைத் திறந்தாப் போதும், நாற்காலி அத்தனையும் முனகுது. விசில் பறக்குது. “எனக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க, ஆனா அவங்க எல்லாரும் ஒண்ணாட்டவே இருக்காங்களே, அதான் சந்தேகமா இருக்குது”ன்னு ஒரு வசனம். கூரை எந்திரிச்சு உக்காந்துச்சு. நான் இந்தப் பக்கம் நின்னு தலையாட்டறேன். நெஞ்சுல இருக்கறதை எவனோ எடுத்து எழுதியிருக்கானேன்னு. எட்டு மாசமா நான் சொல்றதும் அதுதானே?

இடைவேளைக்கு அப்புறம் சத்தமே இல்லை. நாற்காலிகூட அசையலை. ஜனம் தூங்கிடுச்சுன்னு நினைச்சேன். ஒரே ஒரு சிரிப்புத்தான் வந்துச்சு. கேண்டீன் கதவோரம், மூணாவது வரிசை. சாதாரணச் சிரிப்பில்லை, குடத்துத் தண்ணியைச் சாய்ச்சாப்புல குளுகுளுன்னு நிக்காம வருது. ஊரே கம்முனு இருக்கறப்ப இந்த ஒரு ஆளு மட்டும் சிரிக்குதேன்னு எனக்கு எரிச்சல். எட்டிப் பாத்தேன். இருட்டு. ஆளு தெரியலை.

படம் விட்டதும் வினோதா மைக்கை நீட்டுச்சு. நான் சொன்னேன்: “பஞ்சலிங்கம்தாம்மா ஹீரோ. மனுசன் சொன்னது அத்தனையும் நெசம். என் வீட்டு மாடி எட்டு மாசமாப் பூட்டிக் கிடக்குது. கிடக்கட்டும். மூக்கும் முழியும் சரியா இருக்கிற ஆளு வந்தாத்தான் சாவி. முன்பாதி தங்கம். பின்பாதி எதுக்குன்னே தெரியலை, வெட்டிப்போட்டா நூறு நாள் ஓடும்.”

அவ்வளவுதான் சொன்னேன். வினோதா வாயைப் பொத்திக்கிட்டுச்சு. கேமரா புடிச்ச ஆளு தோளு குலுங்க ஆரம்பிச்சுருச்சு. எதுக்குன்னு எனக்குப் புரியலை. வெயிலுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதுக்குள்ள மெட்ராஸ்ல இந்தப் படத்தை வச்சு ஒரே சண்டை. ஒரு பேப்பர்ல, கிண்டல்ங்கற பேருல பஞ்சலிங்கத்துக்கு விசில் வாங்கிக் குடுத்துட்டாங்க, இது அந்த ஜனங்களுக்கு அவமானம்னு எழுதினாங்களாம். இன்னொரு பேப்பர்ல, இப்படி ஒரு துணிச்சலான படம் வந்ததே இல்லைன்னு எழுதினாங்களாம். டி.வி.யில நாலு பேரு உக்காந்துட்டு, ஜனம் பஞ்சலிங்கத்தைப் பாத்துச் சிரிக்குதா, பஞ்சலிங்கத்தோட சேந்து சிரிக்குதான்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. நாலு பேருல ஒருத்தராவது கேட்டுல நின்னு கேட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.

பத்து நாள் கழிச்சு வினோதா ஓடி வந்துச்சு. ஒரு வாரப் பத்திரிகையில விமரிசனம் எழுதற அம்மா ஒருத்தங்க, பெரிய ஆளாம், யாரையும் லேசுல பாராட்ட மாட்டாங்களாம், என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. வினோதா படிச்சுக் காட்டுச்சு. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு, கேளுங்க: ‘இந்தப் படத்தைப் பற்றி இதுவரை வந்த விமரிசனங்களிலேயே கூர்மையானது உடுமலைப் பெரியவர் ஒருவருடையதுதான். பஞ்சலிங்கத்தின் ரசிகராகவே மாறி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், படத்தில் இல்லாத ஒரு காட்சியை அவர் நடித்துக் காட்டிவிட்டார். பகடி என்றால் இதுதான்.’

பகடின்னா என்னம்மான்னு கேட்டேன். நக்கலுங்க ஐயான்னுச்சு. நான் யாரை நக்கல் பண்ணினேன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு அப்படியே கேட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு உக்காந்துருச்சு, கண்ணுல தண்ணி. “இதையும் அதே மூஞ்சியோட கேக்கறீங்க பாருங்க”ன்னுச்சு. என் மூஞ்சி அதுதானே, வேற எந்த மூஞ்சியில கேப்பேன்?

இருந்தாலும் தம்பி, பாராட்டு பாராட்டுத்தானுங்களே. அந்த வீடியோவை லட்சக்கணக்குல பாத்தாங்களாம். டிக்கெட்டை நீட்டறவன் எல்லாம் செல்பி கேக்கறான். அறுபத்தெட்டு வயசுல எனக்கு ஒரு சலூன்ல ஓசி சேவிங்.

எம் பொண்டாட்டி பாப்பாத்தி மட்டும் அந்தப் பாராட்டுக்கு மசியலை. அவ தையல் மிசின் வச்சிருக்கிறா. ஒரு நாள் மத்தியான ஆட்டத்துக்கு மைனா கூட்டிட்டுப் போக, படத்தைப் பாத்துட்டு வந்தா. மூணாம் நாள் நான் சாப்பிட்டுட்டு இருக்கறேன், டேப்பை எடுத்துட்டு வந்து எம் மூக்குல வச்சு அளந்தா. “ரெண்டே கால் இஞ்சு. இது நம்மூரு அளவு இல்லைங்களே”ன்னுட்டு ரசத்தை ஊத்தினா. ரசத்துல உப்பும் இல்லை. எனக்கென்னமோ அவளுக்குப் பொறாமைன்னுதான் பட்டுச்சு.

அப்பத்தான் அந்தப் போன் வந்துச்சு. மத்தியானம், ஆட்டத்துக்கு இன்னும் அரைமணி இருக்குது, கேண்டீன்ல டீ குடிச்சுட்டு இருக்கறேன். படத்தோட டைரக்டரு, இளம்பரிதின்னு பேரு, அவரே கூப்பிட்டாரு. நான் போன்ல பேசினா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன், காது அப்படி. அதனால எனக்கு வர்ற போனு கேண்டீனுக்கே வந்தாப்புலதான். ஐயா, நாங்க ரெண்டு வருசம் எடுத்ததை நீங்க ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டீங்க, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கே வந்து பொன்னாடை போத்திக் கேடயம் தர்றோம், கேமராவோட வர்றோம்னாரு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு பாருங்க ஒண்ணு: அந்த மாடி வீட்டைக் காட்டியே ஆகணும், இந்தப் படத்தை இப்படிப் புரிஞ்சுக்கிட்ட நீங்க கட்டாயம் வடகிழக்கு ஆளு யாரையாவது குடி வச்சிருப்பீங்க, உண்மையைச் சொல்லுங்க, மாடியில யாருங்க இருக்காங்கன்னாரு.

நான் காலின்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு கை ஈரத்தோட எனக்கு முன்னால நீண்டு, டீ டம்ளரை எடுத்துச்சு. மேசைமேல குனிஞ்சு, போனுக்கு வாகா, மைனா சொல்லுச்சு:

“நாந்தானுங்க சார். மைனா. அசாமுங்க.”

அந்தப் பக்கம் டைரக்டரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே, எனக்கு நாற்காலி முனகறதுகூடக் கேட்டுச்சு. “நான் நினைச்சேன், அப்படியே நினைச்சேன்”ன்னு வச்சுட்டாரு.

நான் மைனாவைப் பாத்தேன். அது டம்ளரைக் கழுவிட்டு இருந்துச்சு. என்ன அம்மணி இப்படிப் பண்ணிட்டேன்னேன். ஒரு நாளைக்குத்தானுங்களே ஐயா, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நான் மாடியில இருக்கற மாதிரி நிக்கறேன், கேடயம் வந்ததும் போயிடறேன், உங்களுக்கும் பேரு கெடாதில்லன்னுச்சு. யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் பட்டுச்சு. கேடயத்தை விட முடியுங்களா? வெள்ளிக் கலரு அது. அந்த அலமாரியில இருக்குது பாருங்க, விளக்கு போட்டா மின்னும்.

சனிக்கிழமை காலையில மைனா ஒரு ஆட்டோ நிறைய சாமானோட வந்து நிக்குது. எதுக்குன்னு கேட்டேன். வெறும் வீடுன்னா கேமராவுல தெரிஞ்சுடுமுங்க ஐயான்னுச்சு. டாக்கீஸ்ல வேலை பாக்கற புள்ளை, நடிப்புன்னா செட்டு வேணும்னு தெரிஞ்சிருக்குது. பாயி, பெட்டி, குடம், அடுப்பு, கொடியில போடத் துணி, எல்லாம் மேல போச்சு. ஒரு சின்னக் கவுனும் கொடியில தொங்குச்சு. அது எதுக்குன்னு நான் கேக்கலை.

அடுப்பைப் பாத்ததும் பாப்பாத்தி புடிச்சுக்கிட்டா. நடிப்போ நெசமோ, எட்டு மாசம் பூட்டிக் கிடந்த வீட்டுல அடுப்புப் பத்த வைக்கறதுன்னா பால் காய்ச்சித்தான் ஆகணும், இல்லைன்னா வீட்டுக்கு ஆகாதுன்னா. அதுல நானும் கண்டிப்புத்தானுங்க. ஞாயித்துக்கிழமை காலையில நல்ல நேரம் பாத்து, சாமி படத்தை வச்சு, மைனா பால் காய்ச்சுச்சு. கிழக்குப் பக்கமாப் பொங்கி வழிஞ்சுது. அத்தனை நல்லாப் பொங்கி நான் பாத்ததில்லை. மொத டம்ளர் பாலு எனக்கு. குடிச்சேன். சக்கரை தூக்கலா, நல்லா இருந்துச்சு.

குடிச்சு முடிச்சு டம்ளரைக் கீழ வைக்கறப்பத்தான் நெஞ்சுக்குள்ள ஒண்ணு இடிச்சுது. பால் பொங்கின வீட்டை மூணு மாசத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லக் கூடாதுங்க. சொன்னா வீட்டுக்காரன் குடும்பத்துக்கு ஆகாது. அந்தப் பாலை வாங்கிக் குடிச்சவன் யாரா இருந்தாலும், அந்த வீட்டைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. எங்கப்பன் காலத்துலிருந்து எங்க வீட்டுல அப்படித்தான். உங்க திண்டுக்கல்லுப் பக்கம் எப்படியோ. இந்தச் சம்பிரதாயமெல்லாம் இவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னு மைனாவைப் பாத்தேன். அது பாலாடையை வழிச்சு பாப்பாத்திக்குக் குடுத்துட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் எம் பக்கமே திரும்பலை.

பத்து மணிக்கு டைரக்டரு, வினோதா, நாலு கேமரா, வீதி ஜனம் எல்லாம் வந்தாச்சு. யார் என்ன சொல்லுவாங்கன்னு எட்டு மாசமாப் பயந்தேனோ அந்த வீதி ஜனம். அவங்க மைனாவைப் பாத்தாங்களா? ஒருத்தனும் பாக்கலை. டைரக்டரைத்தான் பாத்தாங்க. பொன்னாடை போத்தினாங்க. மைனா படியில இறங்கி வந்து எல்லாருக்கும் காப்பி குடுத்துச்சு. டைரக்டரு என்னைப் பாத்து, ஐயா, வீடு குடுக்கறப்ப மூக்கை அளந்தீங்களான்னு கேட்டாரு. நான் என்ன சொல்லறது? உள்ளதைத்தான் சொன்னேன். “அளக்கலைங்க. கண்ணை மூடிட்டுத்தான் குடுத்தேன்”ன்னேன்.

ஜனம் கைதட்டுச்சு. அந்தக் கைதட்டலுக்குள்ள ஒரு சிரிப்பு வந்துச்சு. படிக்கட்டுப் பக்கம். குடத்துத் தண்ணியைச் சாய்ச்சாப்புல. குளுகுளுன்னு.

இந்தக் காதை ஏமாத்த முடியாதுங்க. அதே சிரிப்பு. பின்பாதியில ஊரே கம்முனு இருக்கறப்ப மூணாவது வரிசையில சிரிச்ச ஒரே ஆளு. திரும்பிப் பாத்தேன். காப்பித் தட்டை மாரோட அணைச்சுட்டு மைனா நின்னுட்டு இருந்துச்சு. அந்தப் படத்துல அதுக்கு மட்டும் என்ன சிரிப்புன்னு அந்த ஒரு விநாடி எனக்கு என்னமோ புரியற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள வீதிப் பொம்பளைங்க நோட்டைத் தூக்கிட்டு ஆட்டோகிராப்புக்கு வந்துட்டாங்க, விட்டுப்போச்சு.

எனக்கு எழுதத் தெரிஞ்சது எம்பேரு ஒண்ணுதான். அதை அன்னைக்கு முப்பது பேருக்காவது போட்டுக் குடுத்திருப்பேன். கடைசியா மைனா ஒரு காகிதத்தை நீட்டி, எனக்கும் ஒண்ணுங்க ஐயான்னுச்சு. இதென்ன அம்மணி அச்சடிச்ச தாளா இருக்குதேன்னு கேட்டேன். மறைக்கலீங்க அது, கேமராவைப் பாத்துத்தான் சொல்லுச்சு: பள்ளிக்கூடத்துத் தாளுங்க ஐயா, எம் பொண்ணு இந்த விலாசத்துல இருக்குதுன்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்னுச்சு. நாலு கேமரா, டைரக்டரு, பொன்னாடை, வீதி ஜனம். தம்பி, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? போட்டேன். அன்னைக்குப் போட்டதுலயே அதுதான் நல்லா விழுந்த கையெழுத்து. அந்தக் குழந்தை சனிக்கிழமையே அங்க ரயில் ஏறிடுச்சுங்கறது எனக்கு அப்புறந்தான் தெரியும். பாட்டியோட மூணு நாள் பயணம், செவ்வாக்கிழமை இங்க வந்து நின்னுச்சு.

இப்ப ஊருல எல்லாருக்கும் தெரியும், நானே பெரிய மனசு பண்ணித்தான் வீட்டை விட்டேன்னு. வீடியோவே இருக்குது. போர்டா? அது மேலதான் இருக்குது. திருப்பிப் போட்டு சுவத்துல அடிச்சு, பின்பக்கத்துல சாக்பீஸ்ல அந்தக் குழந்தை அ, ஆ எழுதிப் பழகுது. என்னை அப்பிச்சின்னு கூப்பிடுது. அம்மாவைப் பெத்த அப்பனை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பாப்பாத்தி சொல்லிக் குடுத்தது. சொல்லிக் குடுக்கட்டும், எனக்கென்ன? சாயங்காலம் அந்தக் குழந்தை படியில ஓடி இறங்கற சத்தம் கேட்டா, எட்டாவது படியில ஒரு குதி குதிக்கும். அந்தக் குதி கேக்கலைன்னா எனக்கு டீ இறங்கறதில்லை. அது வேற விசயம்.

ஆனா தம்பி, ஒண்ணு. சம்பிரதாயம்னா சம்பிரதாயந்தான். மூணு மாசம்னு சொன்னேனில்ல, அது நேத்தோட முடிஞ்சுது. இன்னைக்கு நான் காலி பண்ணுன்னு சொன்னாலும் குத்தமில்லை. உங்களைப் பாத்தா நல்ல குடும்பமாத் தெரியுது. பேங்கு உத்தியோகம். மூக்கும் முழியும் அப்படியே நம்ம சாயலு. நீங்க மார்ச்சுல வந்திருந்தீங்கன்னா யோசிச்சே இருக்க மாட்டேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லணும்னு இல்லை. சொன்னா, சொன்னதுதான்னு சொல்றேன்.

இருங்க, கதை பேசிட்டு உங்களுக்கு ஒண்ணும் குடுக்கவே இல்லை. பாப்பாத்தி கோயிலுக்குப் போயிருக்கிறா. அம்மணி, மைனா, ஆளு வந்திருக்குது, ரெண்டு டீ கொண்டா சாமி.

பாத்தீங்களா, கூப்பிட்டு வாயை மூடறதுக்கு முன்னாடியே காலடிச் சத்தம். நம்ம பேசினதெல்லாம் மேல கேட்டிருக்குமோ? எங்க கேக்கறது, அதுக்கு என்ன என் காதா இருக்குது.

வா அம்மணி. இவரு திண்டுக்கல்லு, பேங்குல வேலை. சும்மா, படத்தைப் பத்திப் பேச வந்தாரு. அவருக்கு மொத குடு. வாங்கிக்குங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க குடிங்க.

அதென்ன, வெள்ளையா இருக்குது? நான் டீயில்ல சொன்னேன்?

என்னது? அடுப்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாத்தினாயா? எப்ப, இன்னைக்குக் காலையிலயா?

அதனால மறுபடியும் பால் காய்ச்சினாயாக்கும்.

தம்பி, கீழ வைங்க தம்பி, டம்ளரை... அடடா, குடிச்சே முடிச்சுட்டீங்களா.